சாவுப் பட்டியல் வாசித்த கடைக்காரர்

சாவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பது கொஞ்சமல்ல. குறளில் நிலையாமைக்கு ஓர் அதிகாரம். நாலடியாரில் அது திரும்பத் திரும்ப வருகிறது. பட்டினத்தாருக்கு அதுவே பிரதான விஷயம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் பிணத்தைச் சுடுவது, வெறுமனே போட்டுவிட்டுப் போவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழியில் கவிப்பது என்று வகைவகையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த ஊரில் வருஷத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள், அதில் குழந்தைகள் எத்தனை, என்ன வியாதியில் போனார்கள் என்ற கேள்வி அங்கே எழவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று கேட்பது அபத்தம். காவியத்தின் வேலை அதுவல்ல. நான் சொல்ல வருவது அதற்குப் பின்னால் நமக்குள் படிந்துவிட்ட மனோபாவத்தைப் பற்றி. சாவு எல்லோருக்கும் பொது என்று சொல்லி முடித்தவுடன், அது யாருக்கு, எந்த வயதில், எந்தத் தெருவில் அதிகமாக வருகிறது என்று பார்க்க வேண்டிய பொறுப்பு நம்மை விட்டுப் போய்விடுகிறது.

புதுக்கவிதைக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. புள்ளிவிவரம் என்றாலே நம் எழுத்தாளருக்கு ஓர் அருவருப்பு. மனிதனை எண்ணாக்கிவிட்டார்கள் என்பது நம் பக்கங்களில் அடிக்கடி கேட்கிற புலம்பல். எண் ஆவதற்கு முன்னால் அந்த மனிதன் ஏட்டில் என்னவாக இருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. அரசனாகவோ ஞானியாகவோ வள்ளலாகவோ இருந்தாலொழிய அவன் அங்கே இருக்கவே இல்லை. ஒரு நகரத்தின் சரித்திரத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நகரம் லண்டன். அங்கேதான் சாவும் பிறப்பும் 17-ம் நூற்றாண்டின் துவக்கத்திலிருந்து வாரம் தவறாமல் எண்ணப்பட்டு, அச்சிடப்பட்டு, காசுக்கு விற்கப்பட்டன.

பிளேக்தான் காரணம். 16-ம் நூற்றாண்டிலேயே கொள்ளை நோய் வந்த வருஷங்களில் சாவுக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். 1603-ல் வந்த பெரிய பிளேக்கிலிருந்து அது வாராந்தர வழக்கமாயிற்று. ஏற்பாடு இப்படி. ஒருவர் செத்தால் கோயில் மணி அடிக்கும், அல்லது வெட்டியானிடம் குழிக்குச் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு அந்தப் பேட்டையில் நியமிக்கப்பட்ட கிழவிகள் இரண்டு பேர் பிணம் கிடக்கும் வீட்டுக்குப் போவார்கள். பார்த்து, விசாரித்து, இன்ன காரணத்தால் சாவு என்று தீர்மானித்துக் கோயில் குமாஸ்தாவிடம் சொல்வார்கள். குமாஸ்தா செவ்வாய்க்கிழமை இரவு தன் பேட்டைக் கணக்கைக் குமாஸ்தாக்கள் சங்க மண்டபத்தில் சேர்ப்பிப்பார். புதன்கிழமை அச்சு. வியாழக்கிழமை விநியோகம். வருஷச் சந்தா நான்கு ஷில்லிங்.

அந்தக் கிழவிகள் வைத்தியம் படித்தவர்களல்ல. பெரும்பாலும் பேட்டைக் கோயிலின் தர்மப் பணத்தில் காலந்தள்ளிய ஏழை விதவைகள். உதவிப் பணம் தொடர வேண்டுமானால் இந்த வேலையை ஏற்க வேண்டும். பிணத்துக்கு நான்கு பென்னி கூலி. பிளேக் காலத்தில் அவர்கள் தெருவில் நடக்கும்போது, மற்றவர்கள் விலகிப் போக அடையாளமாக, கையில் மூன்றடி நீளச் சிவப்புக் கோல் வைத்திருக்க வேண்டும் என்று 1665-ல் உத்தரவு இருந்தது. தொற்றுக்கு மிக அருகில் அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். ஐரோப்பாவின் மரணப் புள்ளிவிவரம் என்ற பெரிய கட்டிடத்துக்கு அடிக்கல் இவர்கள் வாய்ச்சொல்.

அவர்கள் சொன்ன காரணங்களின் பட்டியலை நம் கவிஞர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். சுரம், க்ஷயம், வலிப்பு, அம்மை இவற்றோடு பல் என்று ஒரு காரணம் உண்டு. பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைச் சாவு அது. துக்கம் என்று ஒன்று. திகில் என்று ஒன்று. கிரகம் தாக்கியது என்று ஒன்று. அரசன் கையால் தொட்டால் தீரும் என்று நம்பப்பட்ட கழுத்துக் கழலைக்கு அரச வியாதி என்றே பெயர். தூக்கத்தில் தாயோ செவிலியோ மேலே புரண்டு படுத்து நசுங்கிய குழந்தைகளுக்குத் தனி வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். துக்கத்தால் செத்தவர் இந்த வாரம் இத்தனை பேர் என்று எந்த அலங்காரமும் இல்லாமல் அச்சில் இருக்கிறது.

ஐம்பது வருஷத்துக்கு மேல் லண்டன்வாசிகள் இதை வாங்கிப் படித்தார்கள். எப்படிப் படித்தார்கள்? கடைசி வரியில் மொத்தம் ஏறியதா இறங்கியதா என்று பார்த்தார்கள். விசித்திரமான சாவு ஏதாவது இருந்தால் பேசிக்கொள்ள ஒரு விஷயம் ஆயிற்று. பிளேக் காலத்தில் பணக்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்பலாமா என்று முடிவு செய்யவும், வியாபாரிகள் சரக்கு போகுமா என்று கணிக்கவும் உதவிற்று. நாம் பத்திரிகை படிக்கிற மாதிரிதான். இவ்வளவுக்குத்தான் இது பயனா என்று கேட்ட முதல் ஆள் ஜான் கிரான்ட்.

கிரான்ட் பிறந்தது 1620-ல். பர்ச்சின் சந்தில் துணி, நாடா, பொத்தான் வியாபாரம். பல்கலைக்கழகத்தின் பக்கம் போனதில்லை. பழைய பட்டியல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு 1662-ல் ஒரு சிறு புத்தகம் போட்டார். மரணப் பட்டியல்கள் மீதான இயற்கை, அரசியல் கவனிப்புகள் என்று அதன் பெயரைச் சொல்லலாம். தான் கையாண்ட கணிதம் கடைக் கணக்குத்தான் என்று அவரே அதில் சொல்கிறார். அதே வருஷம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. ஒரு கடைக்காரரைச் சேர்ப்பதா என்ற தயக்கத்துக்கு, இப்படி இன்னும் கடைக்காரர்கள் அகப்பட்டால் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அரசர் இரண்டாம் சார்லஸ் சொன்னதாகச் சொசைட்டியின் முதல் சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார்.

கிரான்டைப் புள்ளிவிவர இயலின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எனக்கு அவர் முதன்மையாக ஒரு விமர்சகர். விமர்சகன் என்ன செய்கிறான்? பிரதி சொல்வதை அப்படியே நம்புவதில்லை. அது எங்கே தடுமாறுகிறது, எதை மறைக்கிறது, யாருக்குப் பயந்து மறைக்கிறது என்று பார்க்கிறான். கிரான்ட் பட்டியலை அப்படித்தான் வாசித்தார். பெண்நோய் என்று நாம் கௌரவமாகப் பெயரிட்டு மறைக்கிற மேகநோயை எடுத்துக்கொள்கிறார். ஊரெல்லாம் பரவிக் கிடக்கிற வியாதிக்குப் பட்டியலில் இவ்வளவு சொற்பமான சாவு ஏன்? அதுவும் குறிப்பிட்ட இரண்டு பேட்டைகளிலிருந்து மட்டும் ஏன் வருகிறது? மூக்கு அழுகிப்போன அனாதைகளும் வெறுக்கப்பட்டவர்களும் மட்டுமே அந்தத் தலைப்பில் விழுந்தார்கள் என்று கண்டுபிடிக்கிறார். குடும்பஸ்தர் வீட்டில் கிழவிகளுக்கு ஒரு கோப்பை மதுவும், நாலு பென்னிக்குப் பதில் எட்டு பென்னியும் கிடைத்தால், காரணம் க்ஷயமாகிவிடும். இதைச் சொல்லும்போது அவர் கிழவிகளை வசைபாடுவதில்லை. எவ்வளவு பிழை, எந்தத் திசையில் பிழை என்று மட்டும் பார்க்கிறார்.

இதைவிட முக்கியமானது 1625-ம் வருஷத்துப் பிளேக் பற்றிய கணக்கு. அந்த வருஷம் சுமார் 54 ஆயிரம் பேரைப் புதைத்திருக்கிறார்கள். பிளேக்கில் என்று குறிக்கப்பட்டவர்கள் 35 ஆயிரத்துச் சொச்சம். மீதி 18 ஆயிரத்துச் சொச்சம் மற்ற வியாதிகள். ஆனால் முன்னும் பின்னும் சாதாரண வருஷங்களில் மற்ற வியாதிகளால் செத்தவர்கள் ஏழெட்டு ஆயிரம்தான். அப்படியானால் கூடுதலாக வந்த 11 ஆயிரம் பேர் யார்? பிளேக் என்று சொன்னால் வீட்டைப் பூட்டிக் கதவில் குறி போட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களும் சிறைப்படுவார்கள். அதனால் வேறு பெயர் சொல்லப்பட்டவர்கள் அவர்கள். எந்தப் பிணத்தையும் தோண்டாமல், எந்தச் சாட்சியையும் விசாரிக்காமல், வெறும் கழித்தலால் மறைந்துபோன 11 ஆயிரம் சாவுகளை அவற்றின் காரணத்தோடு திரும்பக் கொண்டுவந்தார். ஒரு வழக்கமான வருஷத்தில் எதிர்பார்க்கக்கூடிய சாவு எவ்வளவு, நடந்தது எவ்வளவு, வித்தியாசம் என்ன - இந்த எளிய கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை.

அடுத்து அவர் கண்டது லண்டனின் ரகசியம். 1603 முதல் 1644 வரையிலான கணக்கில், புதைத்தவர்கள் 3,63,935. ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் 3,30,747. பிறந்ததைவிடச் செத்தது 33 ஆயிரத்துக்கு மேல் அதிகம். 1644-க்குப் பிறகு உள்நாட்டுப் போரும் மதச் சண்டையும் வந்து பலர் குழந்தைகளை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டதால் அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்க மறுக்கிறார். இந்த ஜாக்கிரதை நம் ஆராய்ச்சிக்காரர்களிடம் அபூர்வம். பிறப்பு குறைந்து சாவு மிகுந்த நகரம் சுருங்கிக்கொண்டே போக வேண்டும். லண்டனோ கண்ணெதிரே வீங்கிக்கொண்டிருந்தது. கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களால்தான் அது உயிரோடிருந்தது. எவ்வளவு பெரிய பிளேக் வந்தாலும் இரண்டே வருஷத்தில் நகரம் தன் ஜனத்தொகையை நிரப்பிக்கொள்கிறது என்றும் அவர் எழுதினார்.

நகரம் மனிதர்களைத் தின்கிறது என்று நம் கதைகளில் எழுதுகிறோம். பட்டணத்துக்கு வந்து சீரழிந்த கிராமத்தான் நமக்குப் பழகிய பாத்திரம். அங்கே அது உருவகம். லண்டன் விஷயத்தில் அது வெறும் கணக்கு. ரிக்லி என்ற சரித்திர ஆசிரியர் 1967-ல் எழுதிய கட்டுரையில், 1650-க்கும் 1750-க்கும் இடையில் லண்டன் வளர்ந்த அளவுக்கு வளர, வருஷத்துக்குச் சுமார் 8 ஆயிரம் பேர் வெளியிலிருந்து நிகரமாக வந்திருக்க வேண்டும் என்று காட்டினார். இங்கிலாந்தில் வயது வந்தவர்களில் ஆறில் ஒருவர் தன் வாழ்நாளில் ஒரு காலத்திலாவது லண்டனில் இருந்திருக்க வேண்டும் என்பதும் அவர் கணிப்பு.

தின்னப்பட்டவர்களில் பெரும் பங்கு குழந்தைகள். 1730 முதல் 1749 வரை லண்டனில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கையோடு ஐந்து வயதுக்குள் புதைக்கப்பட்டவர்களை ஒப்பிட்டால் நூற்றுக்கு 74.5 என்று வருகிறது. டொரதி ஜார்ஜ் 1925-ல் வெளியிட்ட நூலில் பட்டியல்களிலிருந்து இதை எடுத்துக் காட்டினார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளும் உண்டாகையால் உண்மை விகிதம் சற்றுக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் அது எந்த நூற்றாண்டு என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கில நாவல் பிறந்த நூற்றாண்டு, பி.ஏ. ஆங்கிலப் பாடத்தில் நாங்கள் தெளிவின் யுகம், பகுத்தறிவின் யுகம் என்று எழுதி மார்க் வாங்கிய நூற்றாண்டு. 1741-ல் லண்டனில் அனாதைக் குழந்தைகளுக்கு ஒரு விடுதி திறந்தார்கள். 1756-லிருந்து நான்கு வருஷம், கொண்டுவரும் எந்தக் குழந்தையையும் மறுக்கக் கூடாது என்று பார்லிமெண்ட் பணம் கொடுத்தது. வந்து சேர்ந்தவை 14,934. வளர்ந்து தொழில் பழக அனுப்பப்பட்டவை சுமார் 4,400. கருணையால் மட்டும் குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. பால், தண்ணீர், கூட்டம் இவற்றைப் பற்றிய அறிவு அதனோடு சேர வேண்டியிருந்தது.

அந்த விகிதம் பிறகு படிப்படியாக இறங்கிற்று. அதே கணக்கில் 1770-89-ல் நூற்றுக்கு 51.5, 1810-29-ல் 31.8. இந்த இறக்கத்தைப் பாடிய கவி எவனும் இல்லை. பிழைத்த குழந்தை விஷயமாவதில்லை.

கிரான்ட் செய்த இன்னொரு காரியம்தான் இன்று நாம் ஆயுள் எதிர்பார்ப்பு என்று சொல்வதற்கு ஆரம்பம். லண்டன் பட்டியலில் செத்தவரின் வயது கிடையாது. அது 1728-ல்தான் சேர்க்கப்பட்டது. எனவே அவர் வியாதிகளிலிருந்து வயதை ஊகித்தார். இருபது வருஷத்தில் செத்த 2,29,250 பேரில், குழந்தைகளுக்கே உரிய வியாதிகளால் போனவர்கள் 71,124. அம்மை வகைகளில் பாதியையும் சேர்த்து, பிளேக்கைக் கழித்துவிட்டால், உயிர் பெற்ற நூறில் 36 ஆறு வயதுக்குள் போய்விடுகிறது. மிச்சம் 64. அங்கிருந்து பத்துப் பத்து வருஷமாக 40, 25, 16, 10, 6, 3 என்று இறக்கி, 76 வயதில் ஒருவரை நிறுத்தினார். முதல் எண்ணுக்குத்தான் ஆதாரம் உண்டு. நடுவில் உள்ளவை விகிதம் வைத்துப் போட்ட ஊகம், கிட்டத்தட்டப் புனைவு. ஆனால் உருவம் புதியது. ஒரே சமயத்தில் பிறந்த நூறு பேரை வரிசையில் நிறுத்தி, அவர்கள் ஒவ்வொருவராக உதிர்வதைப் பார்ப்பது என்ற கற்பனை அதற்கு முன் யாருக்கும் தோன்றவில்லை. நிலையாமை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டிருந்த விஷயம் இப்படித்தான் வயது வயதாகப் பிரிந்தது.

அந்த உருவத்துக்கு உண்மையான எண்கள் போட்டவர் வால்நட்சத்திரத்தால் பிரபலமான ஹாலி. 1693-ல் எழுதினார். அவர் லண்டனை எடுத்துக்கொள்ளவில்லை. லண்டனில் சாகிறவர்களில் பலர் அங்கே பிறந்தவர்களல்ல. வந்தேறிகளின் சாவை உள்ளூர்ப் பிறப்போடு ஒப்பிட முடியாது. வெளியார் வருகை குறைந்த பிரெஸ்லாவ் நகரத்தில் காஸ்பர் நாய்மன் என்ற பாதிரியார் வயதோடு குறித்து வைத்திருந்த கணக்கு அவருக்குக் கிடைத்தது. ஆயிரம் குழந்தைகளில் பத்து வயதில் 661, முப்பதில் 531, ஐம்பதில் 346, எழுபதில் 142. அப்போது ஆங்கில அரசாங்கம் கடன் திரட்டுவதற்காக, பணம் கட்டுபவர் உயிரோடிருக்கும் வரை வருஷாவருஷம் ஒரு தொகை தருவதாக விற்றுக்கொண்டிருந்தது. பத்து வயதுப் பையனுக்கும் எழுபது வயதுக் கிழவருக்கும் ஒரே விலை. அது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று ஹாலியின் அட்டவணை காட்டிற்று.

நான் வேலை பார்ப்பது வங்கியில் என்பதால் இது எனக்குப் பழைய கதையாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வருகிறார்கள். விரல்ரேகை தேய்ந்துபோனவர்களை இயந்திரம் ஏற்பதில்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்க வேண்டும். நேரில் உட்கார்ந்திருப்பவரிடம் நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்கிற வேலை அது. இதில் ஒரு வக்கிர நகைச்சுவை இருப்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஏட்டில் பெயர் இல்லாதவர் கதி என்ன என்பதும் கவுன்ட்டரின் இந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தெரியும்.

ஆயுள் எதிர்பார்ப்பு என்ற எண்ணை நம்மவர்கள் படிக்கிற விதம் பற்றி ஒரு வார்த்தை. பாரதி 38 வயதில் போனார், கு.ப.ரா.வும் புதுமைப்பித்தனும் 42-ல். அந்தக் காலத்துச் சராசரி ஆயுளே அவ்வளவுதானே என்று சமாதானம் சொல்கிறவர்களை இலக்கியக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். பத்துப் பேரில் நான்கு பேர் கைக்குழந்தையாகவே போய், மீதி ஆறு பேர் அறுபது வயது வரை இருந்தால் சராசரி 36. ஆனால் 36 வயதில் செத்தவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. சராசரியைக் கீழே இழுப்பது பெரும்பாலும் தொட்டில். இருபதைத் தாண்டிவிட்டவனுக்கு அந்தச் சராசரி பொருந்தாது. க்ஷயத்துக்கு மருந்து இல்லாததையும் எழுத்தாளனுக்கு வருமானம் இல்லாததையும் சராசரியின் தலையில் போட்டுவிட்டு நாம் நிம்மதியாகிவிடுகிறோம்.

இங்கிலாந்தில் 1837 ஜூலையிலிருந்து பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசாங்கமே பதிய ஆரம்பித்தது. கிழவிகளின் காலம் முடிந்தது. அந்தப் பதிவகத்தின் எண்களைக் கையாள வந்தவர் வில்லியம் ஃபார் என்ற வைத்தியர். 1841-ம் வருஷத்து மரணங்களிலிருந்து அவர் போட்ட கணக்கில், பிறக்கும் குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு சர்ரே மாவட்டத்தில் 45 வருஷம், லண்டனில் 37, லிவர்பூலில் 26. ஒரே அரசி, ஒரே பைபிள், ஒரே மொழி. எங்கே பிறந்தான் என்பதால் 19 வருஷ வித்தியாசம். சாவு எல்லோருக்கும் பொது என்ற வாக்கியத்தை இந்த மூன்று எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் பொய் தெரியும்.

ஃபாரின் கொள்கை தவறு. கெட்ட காற்றால் காலரா பரவுகிறது என்று அவர் நம்பினார். 1849-ல் லண்டனில் 14 ஆயிரம் பேர் காலராவில் போனபோது, தேம்ஸ் நதியை ஒட்டிய தாழ்வான இடங்களில்தான் சாவு அதிகம் என்று எண்களால் காட்டி, அது காற்றின் வேலை என்றார். ஆனால் தன் கொள்கைக்குப் பொருந்தாத எண்களையும் அவர் அச்சிட்டார், கேட்டவருக்குக் கொடுத்தார். ஜான் ஸ்னோ 1854-ல் அதைப் பயன்படுத்திக்கொண்டார். பிராட் தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய காரியம் தெற்கு லண்டனில் நடந்தது. அங்கே இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் விட்டன. சௌத்வர்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி நகரத்துச் சாக்கடை கலந்த இடத்தில் நதி நீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-ல் நகருக்கு மேலே போய்விட்டது. காற்று, தெரு, உயரம் எல்லாம் ஒன்று. தண்ணீர் மட்டும் வேறு. காலராவின் முதல் ஏழு வாரங்களில் முதல் கம்பெனியின் வீடுகளில் பத்தாயிரத்துக்கு 315 சாவு. இரண்டாவது கம்பெனியில் 37. செத்தவர்களின் விலாசங்கள் ஃபாரின் பதிவகத்திலிருந்து வந்தவை. 1866-ல் கிழக்கு லண்டனில் காலரா மறுபடி வந்தபோது தண்ணீர்க் கம்பெனியைச் சுட்டிக்காட்டியவர் அதே ஃபார். கொள்கையை எண்களுக்கு முன் கீழே வைக்கத் தெரிந்திருந்தது. நம் விமர்சகர்களில் எத்தனை பேருக்கு அது முடியும் என்று பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.

பிறகு பாஸல்ஜெட்டின் பாதாளச் சாக்கடைகள் வந்தன. பெரியவர்களின் சாவு குறைந்தது. குழந்தைகள் விஷயம் வேறு மாதிரி இருந்தது: 1899-ல்கூட இங்கிலாந்து, வேல்ஸில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 163 ஒரு வயதுக்குள் போயின. 20-ம் நூற்றாண்டு தொடங்கிய பின்தான் அந்த எண் வேகமாக விழுந்தது. ஆனால் பிறப்பு அதற்கு முன்பே, 1870-களிலிருந்து குறையத் தொடங்கிவிட்டது. 1877-ல் கருத்தடை பற்றிய ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டதற்காக லண்டனில் இரண்டு பேர் மீது வழக்கு நடந்தது. ஒருவர் சார்லஸ் பிராட்லா. மற்றவர் அன்னி பெசன்ட். வழக்கின் விளம்பரத்தால் பிரசுரம் லட்சக்கணக்கில் விற்றது. பெசன்ட் தானே ஜனத்தொகை பற்றி ஒரு பிரசுரம் எழுதினார். பிரம்மஞானத்துக்கு வந்த பிறகு அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார். அடையாறில் நாம் அறிந்த பெசன்ட் அந்த இரண்டாமவர்.

எண்ணுகிறவர்களால் மட்டுமே காண முடிகிற சாவுகள் உண்டு என்பதற்கு லண்டனே இன்னொரு உதாரணம் கொடுத்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து நகரத்தை மூடின. யாரும் தெருவில் விழுந்து சாகவில்லை. கிழவர்களும் இருமல்காரர்களும் தத்தம் படுக்கையில் போனார்கள். பதிவகத்தின் வாரக் கணக்கு வந்த பிறகுதான் வழக்கத்தைவிடச் சுமார் 4 ஆயிரம் பேர் அதிகமாகச் செத்திருப்பது தெரிந்தது. பிற்கால ஆய்வு, தொடர்ந்த மாதங்களையும் சேர்த்து, அதை 12 ஆயிரம் வரை உயர்த்தியது. 1956-ல் காற்றுச் சட்டம் வந்தது. கிரான்ட் 1625-க்குச் செய்த அதே கழித்தல்.

எண் தானாக நீதி செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1863-ல் இந்தியாவில் ராணுவத்தின் சுகாதாரம் பற்றி அறிக்கை கொடுத்த ராயல் கமிஷனில் ஃபாரும் ஓர் உறுப்பினர். அதன் விளைவாக 1864-ல் சென்னை மாகாணத்துக்கும் ஒரு சுகாதாரக் கமிஷன் வந்தது. அந்த ஏற்பாடு முதலில் நினைத்தது வெள்ளைச் சிப்பாய்களின் உயிரை. ஆனால் 1877-ல், தாது வருஷத்துப் பஞ்சத்தின் நடுவில், நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தபோது, அது சாவுக்கான அளவு என்று எழுத்தில் வாதாடியவர் அதே சுகாதாரத் துறையின் தலைவர் கார்னிஷ். மே மாதத்தில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் செத்தவர்கள் செத்துவிட்டார்கள். பதிவேடு அரசாங்கத்தின் கருவிதான். அரசாங்கத்துக்கு எதிராக அதை வாசிக்கவும் முடியும் என்பதுதான் அதில் உள்ள விசேஷம்.

சென்னையில் நாம் இதைப் பார்த்துவிட்டோம். 2020 ஜூனில் கொரோனாவில் இறந்தவர்கள் என்று மாநில அரசு தினமும் சொன்ன எண்ணும் மாநகராட்சியின் மரணப் பதிவேட்டில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு குழு உட்கார்ந்து பார்த்தது. ஜூலை 22-ம் தேதி விடுபட்ட 444 மரணங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்த நாட்களில் நம் சிற்றிதழ்களில் தொற்றைப் பற்றி வந்த கவிதைகளை நான் விடாமல் படித்தேன். தனிமை இருந்தது, ஜன்னல் இருந்தது, காலியான சாலை இருந்தது, பிரபஞ்சம்கூட இருந்தது. 444 என்ற எண் ஒன்றிலும் இல்லை. அந்த 444 பேரும் வேறு ஏதோ காரணத்தின் கீழ், அல்லது எந்தக் காரணமும் இல்லாமல், சில வாரங்கள் கிடந்தார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது கவிஞனின் பரிவு அல்ல. இரண்டு பதிவேடுகளை அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிட்ட யாரோ சிலரின் சிரத்தை.

கிரான்டின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. 1666-ல் லண்டன் தீயில் அவர் வீடு போயிற்று. கத்தோலிக்கரானார், அதனால் பதவிகளை இழந்தார். 1674-ல் ஏழையாகச் செத்தார். அந்தப் புத்தகத்தை உண்மையில் எழுதியது நண்பர் வில்லியம் பெட்டிதான் என்று ஒரு சர்ச்சை அப்போதே கிளம்பி வெகுகாலம் நடந்தது. பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் கடைக்காரர் எழுதியிருக்க முடியாது என்ற எண்ணம் அங்கேயும் உண்டு. அவர் செத்ததும் அந்த வாரத்துப் பட்டியலில் ஓர் எண் கூடியிருக்கும். காமாலை என்ற தலைப்பில் என்று நினைக்கலாம். அவர் வியாதி அதுதான். பிணத்தைப் பார்க்க வந்த இரண்டு கிழவிகளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் சொன்ன காரணம் மட்டும் குமாஸ்தாவிடம் போய்ச் சேர்ந்திருக்கும், செவ்வாய்க்கிழமை இரவுக்குள்.